வானத்துப் புதுமைகளும் அறிவிப்பாளர் வரிசையும்

 

ஒரு காலத்தில் நம் வீடுகளில் வானொலிப் பெட்டி ஒன்றே இருந்தது. செய்தியோ, மார்க்கப் பேச்சோ, நாடகமோ, எதுவாயினும் குடும்பமே கூடி அமர்ந்து கேட்டது. தவறாக ஏதேனும் சொல்லப்பட்டால் வாப்பாவோ மாமாவோ அவ்விடத்திலேயே மறுத்துரைப்பார். இன்றோ காதுக்கு ஒரு வானொலி என்றாகிவிட்டது. இஷாத் தொழுகைக்குப் பின் பாயில் சாய்ந்த பிள்ளை, செவியில் கருவியைப் பொருத்திக்கொண்டு யாரோ ஒருவரின் குரலை நள்ளிரவு வரை கேட்டுக்கொண்டிருக்கிறது. அக்குரல் பறக்கும் தட்டுகளைப் பற்றிப் பேசுகிறது. பாழடைந்த பங்களாவின் பேய்களைப் பற்றிப் பேசுகிறது. அரசாங்கங்கள் மறைத்துவைத்த வேற்றுலக உடல்களைப் பற்றியும் பேசுகிறது. பேசுபவருக்கு நிலையமும் இல்லை, ஆசிரியர் குழுவும் இல்லை. ஒலிவாங்கி ஒன்றும் இணைய இணைப்பும் இருந்தாற் போதும். வலைப்பதிவர் என்றும், வலையொலியாளர் என்றும், யூடியூபர் என்றும் இவர்களை அழைக்கிறோம்.

எருக்கலம்பிட்டிப் பிள்ளையும் இவற்றைக் கேட்கிறது, இலண்டனில் வாழும் நம் உறவினரின் பிள்ளையும் கேட்கிறது. பெற்றோர் பலர் இதை 'வீண் கதை' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகின்றனர். அதனால் பிள்ளை கேட்பதை நிறுத்துவதில்லை. நம்மிடம் சொல்வதைத்தான் நிறுத்துகிறது. ஆகவே இவ்விடயத்தைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

'பறக்கும் தட்டு' என்ற சொல் பிறந்த வரலாறே நமக்குப் பெரும் பாடமாகும். 1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னல்ட் என்னும் அமெரிக்க விமானி, வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலைக்கருகில் ஒன்பது பொருள்கள் விரைந்து செல்வதைக் கண்டதாகக் கூறினார். நீரின்மேல் வீசிய தட்டு எவ்வாறு துள்ளித் துள்ளிச் செல்லுமோ அவ்வாறு அவை சென்றன என்பது அவர் தந்த விளக்கம். அவர் சொன்னது அசைவைப் பற்றி. பத்திரிகைகள் அதை வடிவமாக மாற்றிவிட்டன. அதன் பின்னர் உலகெங்கும் மக்கள் தட்டு வடிவிலேயே பொருள்களைக் 'காணத்' தொடங்கினர். முதற் சாட்சி சொல்லாத ஒன்றைப் பின்வந்த ஆயிரம் சாட்சிகள் கண்டனர் என்றால், கண்ணுக்கு முன்னே காது எவ்வளவு வேலை செய்கிறது என்று பாருங்கள்!

பின்னர் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்திலிருந்து ஆர்ட் பெல் என்பவர் இரவு முழுவதும் வானொலியில் இத்தகைய கதைகளை ஒலிபரப்பிப் பெரும்புகழ் பெற்றார். அழைப்பவரை முன்கூட்டி விசாரியாமல் நேரே ஒலிபரப்பில் சேர்த்துக்கொள்வது அவருடைய வழக்கம். இன்றைய வலையொலிகளின் மூதாதை இந்நிகழ்ச்சியே எனலாம். சுவை மிகுந்த நிகழ்ச்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் விசாரணை இல்லாத வாசல் அது.

இங்கே நம் மார்க்க அறிஞர்களின் ஒரு பெரும் உழைப்பை நினைவுகூர்தல் வேண்டும். ஹதீஸ்களைத் தொகுத்த இமாம்கள், நபி (ஸல்) அவர்கள் இவ்வாறு சொன்னார்கள் என்று ஒருவர் வந்து கூறியதும் ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. உமக்கு யார் சொன்னார்? அவருக்கு யார் சொன்னார்? அவ்விருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, சந்தித்தார்களா? அவர் நினைவாற்றல் உடையவரா, பொய்யுரைத்ததாகப் பெயர் எடுத்தவரா? இவ்வாறு சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்தார்கள். இதனை இஸ்னாத், அதாவது அறிவிப்பாளர் வரிசை என்கிறோம். ஒரு கண்ணி அறுந்திருந்தால், செய்தி எவ்வளவு அழகாக இருந்தபோதிலும் அது பலவீனமானது என்று குறித்துவைத்தார்கள். நபிகளாரின் பெயரால் வந்த செய்திக்கே இத்தனை விசாரணை என்றால், முகம் தெரியாத ஒருவர் நள்ளிரவில் கூறும் செய்திக்கு எத்தனை வேண்டும்?

இவ்வளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு அண்மைக்காலத்தின் மிகப் பெரிய பறக்கும்தட்டுச் செய்தியைப் பாருங்கள். 2023 ஜூலை 26 அன்று டேவிட் கிரஷ் என்னும் முன்னாள் உளவுத்துறை அதிகாரி, அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் சத்தியம் செய்து சாட்சியமளித்தார். விழுந்த வேற்றுக் கலங்களையும், மனிதரல்லாத உயிரியற் பொருள்களையும் அரசு வைத்திருக்கிறது என்றார். உலகின் வலையொலிகள் யாவும் பல மாதங்கள் இதனையே பேசின. ஆனால் அவர் அவற்றைத் தாமே கண்டதாகக் கூறவில்லை. பிறர் தமக்குக் கூறியதாகவே சொன்னார். அப்பிறர் யாவர் என்பது பொதுமக்களுக்கு அறிவிக்கப்படவில்லை. ஹதீஸ் கலையின் மொழியில் சொன்னால், வரிசையின் நடுவே பெயரில்லாத அறிவிப்பாளர் நிற்கிறார். அவர் பொய்யர் என்று நாம் தீர்ப்பளிக்கவில்லை. வரிசை முழுமை பெறவில்லை என்று மட்டுமே கூறுகிறோம். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வுப் பிரிவு 2024 மார்ச்சில் வெளியிட்ட வரலாற்று அறிக்கை, அத்தகைய கலங்கள் இருப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று கூறியது.

அதற்கு முன், 2021 ஜூனில் அமெரிக்க உளவுத்துறைத் தலைமையகம் 144 நிகழ்வுகளை ஆராய்ந்து, ஒன்றை மட்டும் காற்றிறங்கிய பலூன் என்று உறுதியாக அடையாளங் கண்டது. மீதி 143 என்னவாயின என்று வலையொலியாளர் உணர்ச்சி பொங்கக் கேட்பார். போதிய தகவல் இல்லாததால் அடையாளம் காணப்படவில்லை, அவ்வளவே. இருட்டில் யார் வந்தார் என்று தெரியாவிட்டால், வந்தவர் ஜின் என்று முடிவு செய்துவிடுவோமா?

நம் அண்டை நாட்டில் நிகழ்ந்த ஒன்று சுவையானது. லடாக் எல்லையில் 2012 ஆகஸ்ட் முதல் 2013 பெப்ரவரி வரை இந்தியப் படையினர் வானில் ஒளிரும் பொருள்களை 329 முறை கண்டு குறித்துவைத்தனர். சீனாவின் உளவு விமானங்கள் என்று அஞ்சினர். இறுதியில் பெங்களூரின் இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தாரிடம் கேட்டபோது அவை வியாழனும் வெள்ளியும் என்பது தெரியவந்தது! ஏளனம் செய்வதற்காக இதைக் கூறவில்லை. உயர்ந்த மலையில், தெளிந்த காற்றில், அச்சத்தோடு பார்க்கும் கண்ணுக்குக் கிரகமும் விமானமாகும். அப்படையினர் செய்த ஒரு நற்காரியத்தையும் மறந்துவிடலாகாது. அவர்கள் கண்டதை எழுதிவைத்தார்கள், தெரிந்தவரிடம் கேட்டார்கள். கடலோடிகளான நம் முன்னோர் வெள்ளி முளைப்பதை வைத்து நேரம் கணித்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே வெள்ளியைப் பறக்கும் தட்டென்று பதிவிடுவது சற்று வருந்தத்தக்கதே.

நம் இலங்கைத் தீவுக்கே வானிலிருந்து ஒரு பொருள் 'வந்த' வரலாறு உண்டு. 2015 ஒக்டோபர் 3 அன்று அமெரிக்காவின் கட்டலினா வானாய்வுக் குழுவினர் ஒரு சிறு பொருளைக் கண்டு, அதற்கு டபிள்யூ.டி. 1190 எஃப் என்று பெயரிட்டனர். அது எதுவென்று அப்போது தெரியாது. ஆயினும், நவம்பர் 13 அன்று இலங்கை நேரப்படி முற்பகல் 11.48 அளவில் நம் நாட்டின் தென்கரைக்கு அப்பால், ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில் கடலுக்கு மேலே அது எரிந்து விழும் என்று முன்கூட்டியே கணித்துச் சொன்னார்கள். அபுதாபியில் உள்ள சர்வதேச வானியல் மையமும் ஐக்கிய அரபு அமீரகத்தின் விண்வெளி முகவர் நிலையமும் ஏற்பாடு செய்த விமானத்தில் ஆய்வாளர் ஏறிச் சென்றனர். கீழே மேகம் மூடியிருந்தது. மேகத்துக்கு மேலே பறந்தவர்கள், குறித்த நேரத்தில் அது தீப்பிழம்பாய்ச் சிதறுவதைப் படம்பிடித்தார்கள். 1998ஆம் ஆண்டு சந்திரனை நோக்கி ஏவப்பட்ட லூனர் புரொஸ்பெக்டர் கலத்தின் உந்துகலப் பகுதியாகவே அது இருத்தல் வேண்டும் என்பது பின்னர் வந்த ஆய்வு முடிவு. மனிதன் எறிந்த குப்பை, பல ஆண்டுகள் சுற்றியலைந்து நம் கடலில் வந்து விழுந்தது. எந்தப் பேய்க்கதையை விடவும் இது வியப்புக்குரியதன்றோ?

இன்னொரு நிகழ்வு அத்தனை தெளிவாக முடியவில்லை. 2012 டிசம்பர் 29 அன்று பொலன்னறுவைப் பகுதியில் தீக்கோளம் விழுந்ததாகச் சொல்லப்பட்டுக் கற்கள் சில சேகரிக்கப்பட்டன. கொழும்பில் பிறந்து பிரித்தானியாவில் புகழ்பெற்ற பேராசிரியர் சந்திரா விக்கிரமசிங்கவும் அவர் குழுவினரும், அக்கற்களுக்குள் நுண்ணுயிர்ப் பாசிகளின் எச்சம் இருப்பதாகவும், உயிர் விண்ணிலிருந்து வருவதற்கு அது சான்று என்றும் 2013 ஜனவரியில் எழுதினர். அவை நம் குளங்களில் வாழும் நன்னீர்ப் பாசிகளே, கல்லும் விண்கல் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று பிற அறிஞர் மறுத்தனர். அக்கூற்று அறிவியல் உலகில் ஏற்கப்படவில்லை. பேராசிரியராயினும் சான்று கேட்கப்படும் என்பதை இளைஞர் இதிலிருந்து அறியலாம். பட்டம் பெற்றவர் ஒருவர் கூறினார் என்பதோடு இஸ்னாத் முடிந்துவிடுவதில்லை.

சகோதரர்களே, இதுவரை பிறரைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். இதுவே கடினமான பகுதி.

சந்திரனில் கால்பதித்த நீல் ஆம்ஸ்ட்ரோங் அங்கே பாங்கோசையைக் கேட்டார், பின்னர் எகிப்தில் அதே ஓசையைக் கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்ற கதையைக் கேளாதவர் நம்மில் உண்டா? மேடைகளிலும் மிம்பர்களிலும் கூட இது சொல்லப்பட்டது. அவர் அவ்வாறு கூறவுமில்லை, இஸ்லாத்தைத் தழுவவுமில்லை. இக்கதை பரவியதனால் 1983 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் திணைக்களமே முஸ்லிம் நாடுகளில் உள்ள தன் தூதரகங்களுக்கு மறுப்பு அனுப்ப நேர்ந்தது. காற்றில்லாத சந்திரனில் ஓசை பரவாது என்பதைப் பாடசாலைப் பிள்ளையும் அறியும். ஆனால் நாம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கதை நமக்கு இனித்தது, அதனால்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது களுத்துறைக் கரையைச் செய்மதி ஒன்று எடுத்த படத்தை எண்ணிப் பாருங்கள். அலை பின்வாங்கிச் சுழன்ற கோலத்தில் 'அல்லாஹ்' என்ற அரபுச் சொல் எழுதப்பட்டிருப்பதாகச் சொல்லி அப்படம் நம்மிடையே கைமாறியது. நம் நாட்டில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்ட துயரம் அது. மாண்டோரில் கீழைக்கரையின் முஸ்லிம்கள் ஏராளம். அலையின் வளைவுகளில் எழுத்தைக் காண்பது, மேகத்தில் யானையைக் காண்பது போன்றதொரு மனப்பழக்கம். பழகிய வடிவத்தை மூளை தானே தேடிப் பொருத்திக்கொள்கிறது.

நம் தீவின் மேற்கு முனையில், தலைமன்னாருக்கு அப்பால் நீளும் மணற்திட்டுகளைப் பற்றியும் இவ்வாறே ஒரு செய்தி 2002இல் இணையத்தில் பரவிற்று. அது 17 இலட்சத்து 50 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் கட்டிய பாலம் என்று நாஸாவின் படம் காட்டுவதாகச் சொல்லப்பட்டது. படம் எங்களுடையது, விளக்கம் எங்களுடையதன்று என்று நாஸா தெரிவித்தது. நம் இந்துச் சகோதரர்களின் நம்பிக்கையைக் குறித்து இங்கே பேச்சில்லை. அது அவர்களுடைய மார்க்கம். படத்தின் மேல் ஏற்றப்பட்ட செய்தியைப் பற்றியே பேசுகிறோம். அவர்களுடைய படத்தைக் குறைகூறிவிட்டு நம் களுத்துறைப் படத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவது நீதியாகுமா?

நபி (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்றாஹீம் மரணித்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. மைந்தரின் மரணத்திற்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். எத்தகைய தருணம் அது! தந்தையின் நெஞ்சு கசிந்திருக்கும் வேளை. மக்களோ அன்பினால் சொல்கிறார்கள். மௌனமாக இருந்திருந்தால் போதும், அந்த வியப்பு அவர்களுடைய புகழோடு சேர்ந்திருக்கும். ஆனால் அண்ணலார் எழுந்து அதனை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் அடைவதில்லை என்ற கருத்தை எடுத்துரைத்துத் தொழுகைக்கு அழைத்தார்கள். தமக்குச் சாதகமான பொய்யையும் தங்கவிடாதவர் நம் நபி.

ஜின்கள் உண்டு என்பது நமது ஈமானைச் சார்ந்தது. குர்ஆனில் அவர்கள் பெயராலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஆயினும் ஜின் உண்டு என்று நம்புவது வேறு, இந்தக் காணொளியில் அசைந்த நிழல் ஜின்தான் என்று சாட்சி சொல்வது வேறு. முன்னதற்கு வஹீ ஆதாரம். பின்னதற்கு, பார்வையாளரை எதிர்பார்க்கும் ஒருவரின் கைத்தொலைபேசியே ஆதாரம். கேரளத்தில் பிறந்து கொழும்பில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், இயற்கைக்கு அப்பாற்பட்ட சக்தியை மோசடிக்கு இடமின்றிக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக அறிவித்திருந்தார். 1978இல் அவர் இறக்கும் வரை அப்பணத்தை எவரும் பெறவில்லை. அவர் இறைமறுப்பாளர், அவ்விடயத்தில் நமக்கும் அவருக்கும் எவ்வித உடன்பாடுமில்லை. ஆனால் பேயோட்டுவதாகக் கூறிப் பணம் பறித்த மந்திரவாதிகள் பலரை அவர் வாயடைக்கச் செய்தார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இவையெல்லாம் பொழுதுபோக்குத்தானே, யாருக்கு என்ன நட்டம் என்று கேட்போர் உண்டு. 2011ஆம் ஆண்டு ரமழானை நினைத்துப் பாருங்கள். உடலில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர் இரவில் பெண்களைத் தாக்குகின்றனர், கூரைக்குக் கூரை தாவுகின்றனர், பிடித்தால் வழுக்கி மறைகின்றனர் என்று 'கிறீஸ் பூதம்' பற்றிய செய்தி நாடெங்கும் பரவிற்று. பெண்கள் தாக்கப்பட்டதாக முறைப்பாடுகள் எழுந்தன. ஓடியவர் படைமுகாம்களுக்குள் புகுந்தனர் என்று மக்கள் குற்றஞ்சாட்டினர், அரசு மறுத்தது. போரின் காயம் ஆறாத வடக்கிலும் கிழக்கிலும் அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆனால் உண்மையில் நடந்தவற்றோடு நடவாதவையும் தொலைபேசி வழியே கலந்து பெருகியபோது, இரண்டையும் பிரித்தறிய எவராலும் இயலவில்லை. ஊர்கள் தடியோடு விழித்திருந்தன. வழிதவறி வந்த அந்நியரும் பூதமாயினர். ஆகஸ்ட் 21 அன்று புத்தளத்தில் மூண்ட மோதலில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் உயிரிழந்தார். நகருக்குள் இராணுவம் இறக்கப்பட்டது. மறுநாள் யாழ்ப்பாணம் நாவாந்துறையில் மோதல் மூண்டு, இரவோடிரவாக நூறளவிலான ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டு அடிக்கப்பட்டனர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் ஊரவர் பலர் அவ்வேளை புத்தளம் மாவட்டத்திலேயே வாழ்ந்திருந்தார்கள். எத்தனை வீடுகளில் ஸஹர் நேரம் அச்சத்தில் கழிந்தது என்பதை அவர்கள் அறிவார்கள்.

ஸூரதுல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம், தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு கட்டளையிடுகிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த நேரும் என்பதே அங்கு கூறப்படும் காரணம். புத்தளத்துச் சம்பவத்துக்குப் பின் இவ்வசனத்தை ஓதும்போது அதன் பொருள் வேறு விதமாய்த் தைக்கிறது.

இளைஞர்களே, இத்துறையில் உழைப்பவர் எல்லோரும் ஒரே தரத்தினர் அல்லர். அமெரிக்காவில் ஜோன் கிரீன்வால்ட் என்பவர் 1996இல் தமது 15ஆம் வயதில், தகவலறியும் சட்டத்தின் கீழ் அரசுக்கு விண்ணப்பங்கள் அனுப்பத் தொடங்கினார். பறக்கும் தட்டு முதலானவை பற்றி அவர் பெற்று வெளியிட்ட ஆவணங்கள் இன்று இலட்சக்கணக்கான பக்கங்கள். 'எனக்கு இரகசியமாகச் சொன்னார்கள்' என்று நிறுத்திக்கொள்ளாமல், 'இதோ தாள், நீங்களே படியுங்கள்' என்கிறார். அவர் முடிவுகளை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம். வரிசையைத் திறந்து காட்டுகிறார் என்பதே கவனிக்கத்தக்கது. நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எத்தனை இளைஞர் அதைப் பயன்படுத்தியிருக்கிறோம்?

மற்றையோரின் தொழில் வேறு. பார்வையாளர் எவ்வளவு நேரம் தங்குகிறாரோ அவ்வளவுக்கு விளம்பர வருவாய். 'அது வியாழக் கிரகம்' என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டால் நாற்பது நிமிட நிகழ்ச்சிக்கு எங்கே போவது? அதனாற்றான் கேள்வியை எழுப்பி, இசையைக் கூட்டி, விடையை அடுத்த பகுதிக்குத் தள்ளுகின்றனர்.

பெற்றோரே, பிள்ளையின் காதிலிருந்து கருவியைப் பிடுங்குவதைவிட, ஒரு நாள் ஒலியை வெளியே வைக்கச் சொல்லி உடன் அமர்ந்து கேளுங்கள். இதைக் கண்டவர் யார், இவர் அவரைச் சந்தித்தாரா, மூலப்படம் எங்கே என்று பிள்ளையிடமே கேளுங்கள். ஷைத்தானின் வேலை என்று எடுத்த எடுப்பில் முத்திரை குத்தினால், பிள்ளை மறுமுறை தான் கண்டதை வந்து சொல்லாது.

வானில் உண்மையாகவே ஒன்றைக் கண்டீர்களாயின் பதிவிடுவதற்கு முன் நான்கு விடயங்களைத் தாளில் எழுதுங்கள்: நேரம், திசை, அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் தெரிந்தது. முத்துமாலை போல ஒரே வரிசையில் நகரும் ஒளிப்புள்ளிகளாயின், அவை 2019 மே முதல் ஏவப்பட்டுவரும் ஸ்டார்லிங்க் செய்மதிகளாகவே பெரும்பாலும் இருக்கும். அந்திக்குப் பிந்திய ஓரிரு மணி நேரத்திலோ பஜ்ருக்கு அண்மித்தோ தெரியும். வடக்கு வானில் எழுந்து விரியும் வெண்புகையாயின், அன்று இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுகலம் புறப்பட்டதா என்று பாருங்கள். இவை எதிலும் அடங்காவிட்டால், மொரட்டுவை கட்டுபெத்தையில் உள்ள ஆர்தர் சி. கிளார்க் நிறுவகத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கியும் அதை இயக்கும் வானியல் அறிஞரும் இருக்கின்றனர். நேரமும் திசையும் எழுதிய தாளோடு அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.